ஒன்பது அங்குலப் படி

செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றுகிறோம் என்று கூப்பிட்டபோது, ஏசி போடுவதுதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். தலைவலி கழிவறையில் இருந்தது.

வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கியவை. குளியல், கொல்லை எல்லாம் வீட்டின் கடைசிப் பகுதியைத் தாண்டித்தான். இப்போதோ ஒவ்வோர் அறைக்கும் அட்டாச்டு பாத்ரூம் வேண்டும். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின்மேல் வார்த்துச் செய்யும் அந்தக் கல் இன்றும் கிடைக்கிறது, உடைந்தால் புதிதாகப் பதிக்கலாம். ஆனால் எழுபது எண்பது வருஷம் கால் பட்டு ஏறிய வழவழப்பை எங்கே போய் வாங்குவது? தரையைத் தோண்டுவதில்லை என்று முடிவானது.

சரி, குழாய் தரைக்கு மேலேதான் ஓட வேண்டும். 110 மி.மீ. குழாய், பின்சுவர் வரை 3 மீட்டர் தூரம், 60க்கு 1 சரிவு என்றால் 50 மி.மீ. இறக்கம். அதற்குமேல் தளம், டைல்ஸ். எப்படிக் கூட்டினாலும் பாத்ரூம் தரை ஒன்பது அங்குலம் ஏறியது. தடுப்புகளைக் கழற்றக்கூடிய பலகையில் செய்து, உத்திரத்தைத் தொடாமல் நிறுத்தினோம்.

வயரிங்குக்காகச் சுவரில் நான் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வயதான கொத்தனார் பூச்சைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது.

"தம்பி, இதைக் கிழிச்சுட்டு எதை வச்சுப் பூசுவீங்க?"

"சிமெண்டுதான் அண்ணே."

பதில் சொல்லாமல் பட்டாலைக்கு, உயர்த்திக் கட்டிய கூடத்துக்குக் கூட்டிப் போனார். எப்போதோ யாரோ சிமெண்டு வைத்து ஒட்டுப்போட்ட இடம். ஒட்டு கல்லு மாதிரி இருந்தது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு உப்புப் பூத்துப் பொரிந்து கிடந்தது. உள்ளே இறங்கும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்டு அடைத்துவிடும், ஈரம் பக்கத்தில் வழி தேடும். படித்திருக்கிறேன்தான், பார்த்ததில்லை. வயரெல்லாம் உத்திரத்தின் மேல்விளிம்பில், வெளியே தெரியும் பித்தளைக் குழாயில் போயின.

ஏசியில் தப்பு என்னுடையது. சென்னை ஃபிளாட் பழக்கத்தில் அறைக்கு ஒன்றரை டன் போட்டுவிட்டேன். இரண்டடிச் சுவர், தேக்கு உத்திரத்தின்மேல் செங்கலை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. அந்த அறைக்கு அவ்வளவு தேவையே இல்லை. பத்து நிமிஷத்தில் குளிர்ந்து மெஷின் நின்றுவிடும். ஈரப்பதத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. மழைக்காலத்தில் தலையணை நமுத்தது, மர அலமாரியில் பூஞ்சை வாடை. ஒரு டன்னாக மாற்றினேன், செலவில் பாதி என் தலையில்.

அந்தப் படியில்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. திறந்த முதல் வாரமே நடுராத்திரியில் ஒருவர் இடறி விழப் பார்த்தார். படிக்கு அடியில் சின்னதாக ஒரு விளக்குப் பட்டை ஒட்டி, விடிய விடிய எரிய விட்டிருக்கிறோம்.