டென் ஸ்போர்ட்ஸ் யாருடையது? லயத்துக் கூரையிலிருந்து ஒரு விசாரணை

2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் முத்தையா முரளிதரன் போல் கொலிங்வூட்டின் ஸ்டம்பைச் சாய்த்து, ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைத் தாண்டிச் சென்றபோது, நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், சித்தப்பாவின் காம்பிராவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். கண்டி எங்களுக்கு அரைநாள் பஸ் பயணத் தூரம். முரளி படித்த புனித அந்தோனியார் கல்லூரியும் அங்கேதான் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறது. இருந்தும் அந்தப் பந்து எங்கள் கண்ணுக்கு வந்து சேர்ந்த வழி கண்டிச் சாலை அல்ல. மலை மறைத்த எங்கள் பள்ளத்தாக்கில் உள்நாட்டு அலைவரிசைகள் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும் என்பதால், அஸ்கிரியவின் படம் வானத்துக்கு ஏறி, இந்திய டிஷ் கம்பனியொன்றின் செய்மதி வழியாகச் சித்தப்பாவின் தகரக் கூரையில் இறங்கியது. திரையின் மூலையில் டென் ஸ்போர்ட்ஸ் என்று எழுதியிருந்தது.

"இது நம்ம நாட்டுச் சேனலா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"இல்லடா, துபாய்க்காரன் சேனலு. டிஷ்ஷுதான் பம்பாய்க்காரனது" என்றார்.

அவர் சொன்னது அன்றைய தேதிக்குப் பாதிதான் சரி என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. துபாய்க்காரரின் சேனலில் சரிபாதி ஓராண்டுக்கு முன்பே அதே பம்பாய்க்காரரின் கைக்குப் போயிருந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறை ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கும்; அவற்றைக் காட்டிய சேனலின் உடைமைக் கதையை அறிந்தவர்கள் மிகச் சிலர். எனக்கோ அந்தக் கதை சில ஆட்டங்களைவிடச் சுவையாக இருக்கிறது.

கதையின் வேர் ஷார்ஜாவில் இருக்கிறது. பாகிஸ்தானில் படித்த காலத்தில் கிரிக்கெட் மோகம் பிடித்துக்கொண்ட அப்துல் ரஹ்மான் புகாதிர் என்ற எமிரேட்ஸ் தொழிலதிபர், ஊர் திரும்பிய பின் பாலைவனத்தின் நடுவே ஒரு மைதானத்தை எழுப்பினார். அங்கே முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி 1984 ஏப்ரலில் ஆசியக் கிண்ணத்துக்காக நடைபெற்றது. ஆடியவை இலங்கையும் பாகிஸ்தானும், வென்றது இலங்கை. பின்வந்த ஆண்டுகளில் ஷார்ஜா எங்களுக்கு இன்னொரு சொந்த மைதானம் போலவே ஆகிவிட்டது. 2000 ஒக்டோபரில் முரளி அங்கே இந்தியாவுக்கு எதிராக 30 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே தொடரின் இறுதிப் போட்டியில் சனத் ஜயசூரிய 189 ஓட்டங்களைக் குவிக்க, இந்தியா 54 ஓட்டங்களுக்குள் சுருண்டது. அந்த 54ஐ இன்றும் எங்கள் தோட்டத்தில் சிலர் வாய் நிறையச் சொல்வார்கள். தமிழ்நாட்டுச் சினிமாவும் பாட்டும் எங்கள் மூச்சு என்றாலும், கிரிக்கெட்டில் இந்தியாவா இலங்கையா என்று வரும்போது ஒரே லயத்துக்குள் இரண்டு கட்சி எப்போதும் இருந்தது.

அந்த ஆண்டு வெடித்த சூதாட்ட விவகாரத்துக்குப் பின், ஷார்ஜா போன்ற இடங்களில் தன் அணி ஆடக்கூடாது என்று 2001இல் இந்திய அரசு முடிவெடுத்தது. இந்தியா வராத ஷார்ஜாவுக்கு விளம்பரக் காசும் வராது. மைதானம் வெறிச்சோடத் தொடங்கிய அந்த வேளையில்தான் புகாதிர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். அவரது தாஜ் டெலிவிஷன் நிறுவனம் துபாய் மீடியா சிட்டியிலிருந்து 2002 ஏப்ரல் 1ஆம் திகதி டென் ஸ்போர்ட்ஸைத் தொடங்கியது. அந்த ஆண்டின் உலகக்கிண்ண உதைபந்தாட்டத்தை இந்தியாவுக்குள் கொண்டுசென்றதே அதன் முதல் பெரிய வியாபாரம். ஓகஸ்டில் மொரோக்கோவின் டாஞ்சியர் நகரில், புகாதிரே கட்டிய மைதானத்தில், இலங்கை, தென்னாபிரிக்கா, பாகிஸ்தான் அணிகள் ஆடிய மொரோக்கோ கிண்ணம் நடந்தது. அதையும் இலங்கையே வென்றது. மொரோக்கோவில் கிரிக்கெட் பார்க்க யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். மைதானத்தில் ஆள் இருக்க வேண்டிய தேவையே இல்லாத கிரிக்கெட்டின் தொடக்கம் அது என்றே நான் கருதுகிறேன்.

கிரிக்கெட் இல்லாத இரவுகளில் அந்தச் சேனலைத் தாங்கியது மல்யுத்தம். 2002 மே மாதத்தில், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றுடனான பெயர்ச் சண்டையில் தோற்று, டபிள்யூ டபிள்யூ எப் தன் கடைசி எழுத்தை ஈ என்று மாற்றிக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் அது இன்றுவரை எப்தான். காலையில் தொழிலாளரைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பையன்கள் அண்டர்டேக்கராகி ஒருவரையொருவர் தூக்கிப் போட்டுக் கை முறித்துக்கொண்ட கதைகள் வேறு.

2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனது. ஒளிபரப்பு உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. கேபிள் இல்லாத கோடிக்கணக்கான இந்திய வீடுகளில் தூரதர்ஷன் மட்டுமே தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, டென் ஸ்போர்ட்ஸின் சின்னத்தோடும் விளம்பரங்களோடும் அதே படத்தைத் தூரதர்ஷனும் காட்டலாம் என்று முடிந்தது. முக்கியமான விளையாட்டு ஒளிபரப்புகளை அரசுத் தொலைக்காட்சியோடு பகிர வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்துக்கு இத்தகைய இழுபறிகளே பின்னணி. காசு கொடுத்து வாங்கியவனின் உரிமைக்கும் பார்க்கத் துடிக்கிற சாதாரண சனத்தின் உரிமைக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்ற கேள்வியை, எங்கள் நாட்டில் இவ்வளவு உரக்க யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சித்தப்பாவின் பம்பாய்க்காரர் சுபாஷ் சந்திரா, ஜீ தொலைக்காட்சியின் நிறுவனர். 2004இல் இந்தியக் கிரிக்கெட் சபையின் ஒளிபரப்பு உரிமைக்கு 30 கோடி டொலருக்கு மேல் விலை கேட்டும், வழக்குகளுக்கும் இரத்தான ஏலத்துக்கும் பிறகு அவருக்கு அது கிடைக்கவில்லை. கிரிக்கெட் தராவிட்டால் கிரிக்கெட் காட்டுகிறவனையே வாங்கிவிடுவது என்று அவர் நினைத்திருப்பார் போலும். 2006 நவம்பரில் டென் ஸ்போர்ட்ஸின் பாதியை 257 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கினார். அதுவும் போதாமல் 2007இல் ஐ.சி.எல். (இந்தியன் கிரிக்கெட் லீக்) என்ற சொந்த லீக்கைத் தொடங்கினார். எங்கள் மார்வன் அத்தப்பத்துவும் ரசல் ஆர்னோல்டும் அதில் போய் ஆடினார்கள். கிரிக்கெட் சபைகள் அந்த லீக்கைத் தடைசெய்துகொண்டே, அதே முதலாளியின் பாதிச் சேனலுக்குத் தங்கள் ஆட்டங்களை விற்றுக்கொண்டிருந்த முரண்பாட்டை என்னவென்று சொல்வது! 2010இல் மேலும் 45 வீதத்தை வாங்கிய ஜீ, 95 வீத உரிமையோடு ஏறத்தாழ முழு உடைமையாளராகியது. சித்தப்பாவின் கூரையில் இருந்த டிஷ் டிவியும் அப்போது அதே குழுமத்தினுடையது. கூரையிலிருந்த தட்டும் திரையின் மூலையிலிருந்த சின்னமும் கடைசியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஒரு விளையாட்டுச் சேனலை வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்குவது எளிது. 1970களில் அரசு கைக்கு வந்த பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பிறகு 53 ஆண்டுக் குத்தகையும் வந்தது. போர்டில் கம்பனியின் பெயர் இருக்கும், லொறியில் கம்பனியின் பெயர் இருக்கும், நிலம் மட்டும் கம்பனியுடையது அல்ல. சேனலும் அப்படியே: மைதானமும் ஆட்டமும் கிரிக்கெட் சபையுடையவை, சேனலிடம் இருப்பது சில ஆண்டுக் குத்தகைச் சீட்டு. வித்தியாசம் என்னவென்றால், 53 ஆண்டுக்குப் பதிலாக நான்கு, ஐந்து ஆண்டுகளில் ஏலம் மீண்டும் வந்துவிடும். ஒவ்வொரு ஏலத்திலும் விலை ஏறும். விளம்பர வருமானம் அதே வேகத்தில் ஏறாது. நட்டம் ஓட்டிக்கொண்டிருந்த விளையாட்டுத் தொழிலை, 2016 ஓகஸ்ட் இறுதியில் 38 கோடி 50 இலட்சம் டொலருக்குச் சொனி நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு விற்க ஜீ ஒப்புக்கொண்டதன் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. 2017இல் அது சொனி டென் ஆனது. துபாயில் பிறந்து மும்பையில் வளர்ந்த சேனலுக்கு டோக்கியோவில் ஓர் எஜமான்.

உடைமை மாறியதால் எங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான லாபம் மொழி. 2017 மே மாதத்தில் போட்டி நிறுவனமான ஸ்டார், முழுநேரத் தமிழ் விளையாட்டு அலைவரிசையைத் தொடங்கியது. 2021 ஜூன் 1ஆம் திகதி சொனியும் தமிழுக்கும் தெலுங்குக்குமாகச் சொனி டென் 4ஐக் கொண்டுவந்தது. இரண்டும் தமிழ்நாட்டுச் சந்தையைக் கணக்கிட்டுச் செய்தவை. மலையகத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அடுத்த மாதமே இந்திய அணி கொழும்புக்கு வந்து ஆடியபோது, ரி20 தொடரை இலங்கை 2–1 என்று வென்றதைத் தமிழ் வர்ணனையோடு பார்க்க முடிந்தது. கொழும்பில் நடக்கிற ஆட்டத்தைத் தமிழில் கேட்பதற்குத் தமிழ்நாட்டுக்கான சேனலை நம்பியிருக்க வேண்டியதை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உள்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2011இல் தொடங்கிய கார்ல்டன் ஸ்போர்ட்ஸ் நெட்வேர்க் இலங்கை ஆட்டங்களின் உரிமையைப் பெற்று ஒளிபரப்பியது. 2015 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அதன் உடைமையும் பணமும் விசாரணைக்கு வந்து, 2016 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் மகன் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டார்கள். சேனல் இன்று இல்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கூரைக்கு மீண்டும் வருகிறேன். தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற மாதங்களில், அந்தச் சின்னத் தட்டுகள் பிடிக்கும் அலைகளை மழைத்துளிகளே விழுங்கிவிடும் என்பதால், ஆட்டத்தின் கடைசி ஓவரில் திரை கறுத்துப்போவது எங்களுக்குப் பழக்கமானதுதான். பழக்கமில்லாத கறுப்பு 2022இல் வந்தது. இலங்கை ரூபாய் சரிந்தபோது, டவுன் கடையில் இந்தியத் தட்டுக்குப் போடும் ரீசார்ஜின் விலை சில வாரங்களில் கட்டுப்படியாகாத உயரத்துக்குப் போனது. வரிசை வரிசையாகத் தட்டுகள் கூரையில் இருந்தன. கீழே திரைகள் அணைந்திருந்தன. சித்தப்பா அந்த ஆண்டு முழுவதும் ஆட்டங்களைப் பக்கத்து லயத்துப் பையனின் கைபேசியில்தான் பார்த்தார்.

விற்றவரும் வாங்கியவரும் அத்தோடு பிரிந்துவிடவில்லை. சொனியும் ஜீயும் ஒன்றாக இணைய 2021 டிசெம்பரில் ஒப்பந்தம் செய்தன; 2024 ஜனவரியில் சொனி அதை முறித்துக்கொண்டது. இடையில் 2023 ஜனவரியில் எமிரேட்ஸின் புதிய ரி20 லீக்கை ஒளிபரப்பி ஜீ மீண்டும் கிரிக்கெட்டுக்குள் வந்தது. அந்த லீக்கின் ஆட்டங்களில் ஒரு பகுதி, புகாதிர் எழுப்பிய அதே ஷார்ஜா மைதானத்தில் நடக்கிறது.

மல்யுத்தம் மட்டும் வேறு வழியில் போய்விட்டது. 2025 ஏப்ரல் 1ஆம் திகதி, டென் ஸ்போர்ட்ஸ் பிறந்து சரியாக இருபத்துமூன்று ஆண்டுகள் நிறைந்த நாளில், இந்தியாவில் அது சொனியை விட்டு நெட்பிளிக்ஸுக்கு மாறியது. சித்தப்பா இப்போதும் அதை டென் ஸ்போர்ட்ஸில்தான் தேடுகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.