மூன்று தெருக்களுக்குத் தாய்மாமன்

அவிநாசிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பதினெட்டு வயது முடிந்து பையன்கள் வெளியேறும் நாளில் பெட்டி, துணிமணி, மாற்றுச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையில் கொடுப்பது என் பொறுப்பு. எதுவும் விட்டுப்போகாது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்படி வெளியேறிய ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கு, அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, சேர்ந்தான். வேலை ஒரே நாளில் கிடைத்துவிட்டது. வீடுதான் கிடைக்கவில்லை. நானும் உடன் அலைந்தேன். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் என்ன ஆளுங்க?" அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. எங்கள் பக்கத்தில் "தெரியாதுங்க" என்றால் எதையோ மறைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உண்மையைச் சொல்லிவிடு என்றேன். ஆதாரில் இல்லத்தின் முகவரியைப் பார்த்த வீட்டுக்காரர், நேற்றே வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். 'வீடு வாடகைக்கு' அட்டை மறு வாரமும் அங்கேயே தொங்கியது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-ஆவது பிரிவில், இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கு நிதியுதவி வழங்கப்படலாம் என்கிறது. அந்த 'லாம்' மீது எனக்கு எப்போதும் ஒரு கண். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை. தேவைப்பட்டால் 23 வரை. நல்ல உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்காரர்கள் யாரும் அவனிடம் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு அவனே தனியாகப் போய் ஒரு லைன் வீட்டைப் பிடித்துவிட்டான். தாய்மாமன் அவிநாசியில் இருக்கிறார் என்று என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கார அம்மா போன் செய்தார். பொய் பேசக்கூடாது என்று வாரம் தவறாமல் வகுப்பெடுத்தவன் நான். "ஆமாங்க, மாமன்தான் பேசுகிறேன்" என்றேன். காது குத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காத ஊர் இது. மாமன் இருக்கிறான் என்றால் போதும், வேறு கேள்வி வராது.

கேள்விகள் நின்றன, புகார்கள் தொடங்கின. கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போய்விடுகிறான். இல்லத்தில் எல்லாக் கதவையும் வாட்ச்மேன் பூட்டுவார். பதினெட்டு வயது வரை அவன் கைக்கு ஒரு சாவி வந்ததில்லை. இரண்டு முறை சாவியைத் தொலைத்த பிறகு அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். சனிக்கிழமை வாங்கும் சம்பளம் திங்கட்கிழமை இருப்பதில்லை. லைன் முழுவதற்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். வேலை இல்லாத நாளில் மாலை வரை சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறான் என்று அந்த அம்மா சொன்னார். காய்ச்சலோ என்று ஓடினேன். அரிசிபருப்பு சாதம் வைக்கத் தெரியும், அடுப்பும் இருக்கிறது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "மணி அடிக்கவில்லையே சார்" என்று சிரித்தான். விளையாட்டாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எழுவதற்கு, குளிப்பதற்கு, சாப்பிடுவதற்கு, படிப்பதற்கு என்று அந்த மணியை அடித்தவன் நான். ஒரு நிமிடம் பிசகாது என்று ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். பசித்தால் சாப்பிடு என்று ஒருவனுக்கும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் சாப்பாட்டுக் கூடம் பூட்டியிருக்கும்.

இப்போது ஞாயிறு காலையில் நான் போன் செய்கிறேன். மணிக்குப் பதில் போன் என்று மனைவி கேலி செய்கிறாள். அவன் சொல்லி இன்னும் இரண்டு பையன்கள் என் எண்ணைக் கொடுத்து வீடு பிடித்துவிட்டார்கள். திருப்பூரில் மூன்று தெருக்களில் நான் தாய்மாமன். ஒவ்வொருவனும் வீட்டுக்காரர்களிடம் என் ஊர் என்று ஒவ்வொரு ஊரைச் சொல்லி வைத்திருக்கிறான். புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எந்தத் தெரு என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.