ஏற்புரையில் எதைச் சொல்வது?

இரணைமடுக் குளத்தின் வாய்க்கால்களோடு காலம் கழித்து, அறுபது வயதில் நீர்ப்பாசனப் பணியிலிருந்து நான் ஓய்வுபெற்றபோது, கமக்கார அமைப்புகள் சேர்ந்து கிளிநொச்சியில் எனக்குச் சேவைநலன் பாராட்டு விழா ஒழுங்குசெய்தன. பொன்னாடைக்கும் வாழ்த்துப்பாவுக்கும் பின்னர் ஏற்புரை வழங்குவது வழமை. அதில் எதைச் சொல்வது என்பதே பல இரவுகளாக என் யோசனையாக இருந்தது.

முதலில் எழுதியது குளத்தின் கதை. 1902 இல் தொடங்கிய கட்டுமானம் 1920 இல் நிறைவுற்றது, அண்மைய புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது, போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் மீள்குடியேறிய சனங்கள் பற்றை மூடிக்கிடந்த வாய்க்கால்களில் தாங்களே இறங்கித் துப்புரவாக்கியது என்று பக்கங்கள் நிறைந்தன. ஆனால் அந்தப் பற்றையை வெட்டியவர்களே சபையில் இருக்கப்போகிறார்கள். அவர்களுக்கு அதை நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

அவர்களிடம் இல்லாத எது என்னிடம் இருக்கிறது என்று பின்னர் யோசித்தேன். கமக்காரர் தம் வயலை என்னைவிட நன்றாக அறிவார். வாய்க்காலின் தலைப்பையும் கடைக்கோடியையும் ஒரே நாளில் பார்ப்பது என் தொழிலாக இருந்தது. மழை குறைந்த காலப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்தில், குளத்தில் உள்ள நீரைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானித்து, முறைவைத்தே நீர் விடுகிறோம். மண் வாய்க்காலில் ஒரு பகுதி வழியிலேயே சுவறிவிடும். தலைப்பில் ஒருவர் இரவில் மண்மூட்டை வைத்து மறித்துத் தன் வயலுக்கு மேலதிகமாகத் திருப்பினால், கடைசி வயலின் முறை பிந்துகிறது. பயிர், கதிர் தண்டுக்குள் உருவாகும் குடலைப் பருவத்தில் இருக்கையில் அப்படிப் பிந்தினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வயல் பச்சையாகவே தெரியும். இழப்பு அறுவடையில்தான் வெளிப்படும். கடைக்கோடி வயலொன்றில் கதிரொன்றைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்திருக்கிறேன். பெரும்பகுதி மணி பிடிக்காத சப்பியாகப் பறந்துபோனது. அந்த வயலின் சொந்தக்காரி எவரையும் குறைகூறவில்லை. அடுத்த போகத்துக்காவது முறை தவறாமல் தண்ணீர் வருமா என்று மட்டுமே கேட்டார்.

இதைச் சொல்லப்போகிறேன் என்றபோது, என்னோடு வேலைசெய்த இளையவர் ஒருவர், “சேர், போற நேரத்தில ஏன் மனஸ்தாபத்தைத் தேடுறியள்?” என்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானதே. எனக்குப் பொன்னாடை போர்த்தவிருந்தவர்களில் தலைப்பு வயல்காரரும் இருந்தனர். ஆனால் பதவியில் இருந்த காலத்தில் நான் சொன்னவை அதிகாரியின் கட்டளையாகவே கேட்கப்பட்டன. தண்டமும் இல்லை, சலுகையும் இல்லை என்ற நிலையில் ஒரே ஒரு தடவை பேசக் கிடைக்கும் வாய்ப்பை நன்றியுரையாக மட்டும் முடிப்பதற்கு என் மனம் இணங்கவில்லை.

ஆகவே ஆளைச் சுட்டாமல், நடப்பதை மட்டும் சொல்வதென்று தீர்மானித்தேன். மண்மூட்டை, பிந்திய முறை, சப்பி நெல் ஆகியவற்றை அதே வரிசையில் விளக்கிவிட்டு, அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு முன்னர் தலைப்பு வயல்காரர் கடைக்கோடிவரை ஒருமுறை நடந்து பார்த்து வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நன்றியை, மழையிலும் இரவிலும் நீர் விடும் மதகான துருசைத் திறந்து மூடிய தொழிலாளர்களுக்கு மட்டும், ஒவ்வொருவராகப் பெயர்சொல்லித் தெரிவித்து உரையை முடித்தேன்.