மண்டப வாசலில் ஐந்து படிகள்

நேற்று இரவு பத்தரை மணிக்குத்தான் மன்னார்குடி திரும்பினோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணங்களும் தொழில்நுட்பக் கருவிகளும் இடம்பெறும் கண்காட்சி ஒன்று தஞ்சாவூரில் நடப்பதாகத் தெரிந்ததும், குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கி, காலைத் தாங்கும் காலிப்பர் கம்பியும் ஊன்றுகோலுமாக நாற்பது ஆண்டுகள் நடந்து, இப்போது தோள்வலியால் சக்கர நாற்காலிக்கு மாறியிருக்கும் என் அண்ணன், போய்த்தான் ஆக வேண்டும் என்றார். கையில் மூவாயிரம் ரூபாய். அதில் எதையாவது வாங்கவும் வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதல் வம்பு பேருந்திலேயே தொடங்கிவிட்டது. மடக்கிய சக்கர நாற்காலிக்குச் சுமைக் கட்டணம் தர வேண்டும் என்றார் நடத்துநர். "இது சுமை இல்லைங்க, என் கால்" என்று அண்ணன் அமைதியாகச் சொல்ல, பின் இருக்கைப் பெண்மணி ஒருவர் எங்களுக்காகச் சண்டைக்கே போய்விட்டார். கட்டணம் தப்பியது, ஆனால் முழங்கால் உயரத்தில் இருந்த முதல் படிக்கு அண்ணனை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வழியில் வடுவூர் ஏரியில் பறவைகள் வந்திருந்தனவா என்று யாரும் கேட்காதீர்கள், பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும், மூன்று கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டார். நாற்காலிக்கு அதில் நூறாம். பேரம் பேசி 220-இல் முடிந்தது. பட்ஜெட்டின் முதல் ஓட்டை அதுதான்.

கண்காட்சி நடந்தது ஒரு திருமண மண்டபத்தில். வாசலில் ஐந்து படிகள் இருந்தன. சக்கர நாற்காலிகளைக் காட்டுவதற்கென்று கூட்டிய இடத்துக்குச் சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் என்னவென்று சொல்வது? படிகளின் மேல் எட்டடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சாய்தளத்துக்கான விதி எளிமையானது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஐந்து படிகள் சேர்ந்து இரண்டரை அடி என்றால் முப்பது அடிச் சாய்தளம் தேவை. எட்டடிப் பலகை சறுக்குமரம்தான். பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே சொல்லிவிட்டது, அதற்கான விதிகளும் 2017-இல் வந்துவிட்டன. கடைசியில், சமையற்கூடத்துக்கு அண்டா தள்ளிச் செல்லப் பின்பக்கம் கட்டியிருந்த சரிவு வழியாக உள்ளே போனோம். அண்டாவுக்குக் கிடைத்த மரியாதை என்று அண்ணன் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் உள்ளே போனபின் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. டெல்லி ஐஐடியில் உருவாகி 2014-இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் என்ற கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து நடந்து பார்த்தேன். சாதாரண வெள்ளைக்கோல் தரையில் இருப்பதைத்தான் சொல்லும். இதுவோ காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, முழங்காலுக்கு மேலே நிற்கும் தடையையும் கைப்பிடியின் அதிர்வால் உணர்த்துகிறது. கடைகளின் தாழ்ந்த தகரக் கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பக்கத்து அரங்கில் கணினித் திரையை வாசிக்கும் மென்பொருளைப் பெரிய விலை சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் எங்கள் பக்கம் சாய்ந்து, "என்விடிஏ இலவசமாகவே கிடைக்கும் சார், தமிழும் படிக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். திரையை வாசிக்கும் அந்த இலவச மென்பொருள், பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-இல் தொடங்கியது. விற்பனையாளர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அண்ணனின் கண்ணெல்லாம் நியோபோல்ட் மேல்தான். சென்னை ஐஐடியில் உருவாகி 2021-இல் அறிமுகமான இந்த மோட்டார் இணைப்பை நாற்காலியின் முன்னால் பூட்டிவிட்டால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை சாலையில் போகலாம். நாற்காலியும் இணைப்புமாக ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணன் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றிய பிறகே இறங்கினார்.

உண்மையில் உபயோகமாக இருந்தது ஓர் ஓரத்தில் அளவு நாடாவுடன் உட்கார்ந்திருந்த பெண்தான். அண்ணனின் இடுப்பு, தொடை, முழங்காலிலிருந்து குதிகால் வரை எல்லாவற்றையும் அளந்தார். இடுப்பு பதினைந்தரை அங்குலம். அண்ணன் உட்கார்ந்திருந்த மருத்துவமனை வகை நாற்காலியின் இருக்கை பதினெட்டு அங்குலம். இருக்கை அகலமானால் கை எட்டிச் சக்கரத்தைத் தள்ள வேண்டும், உடம்பு ஒரு பக்கம் சாயும், தோள்வலி தீராது என்று பொறுமையாக விளக்கினார். நான்கு ஆண்டுகளாக நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் பக்கத்து மெஸ் ஒன்றில் சாப்பிட்டோம். வாசலில் படியே இல்லை. முதலாளி நாங்கள் கேட்காமலே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு, அண்ணனை மேசையருகே தள்ளிவரச் சொன்னார். தலைவாழை இலையில் வத்தக்குழம்பும் வாழைப்பூ உசிலியும், இரண்டு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். அந்தக் குழம்புக்காக மறுபடியும் தஞ்சாவூர் போவேன், மண்டபத்துக்காகப் போக மாட்டேன்.

வாங்கியது ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர் இரண்டே இரண்டு, 120 ரூபாய். வீடு வந்ததும் அண்ணன் என்னை நாடா எடுக்கச் சொன்னார். கழிப்பறைக் கதவு 24 அங்குலம், இப்போதைய நாற்காலி இருபத்தைந்தரை. அவருடைய அளவுக்குச் செய்த நாற்காலி என்றால் 23-க்குள் அடங்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். நிலைக்கதவை இடித்து அகலமாக்கக் கொத்தனார் கேட்டிருந்தது பதினெட்டாயிரம். அந்தப் பணத்தை நாற்காலிக்கு முன்பணமாகக் கொடுத்துவிடலாமா என்று அண்ணன் காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்; கொத்தனாரை வர வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.