தான்தோன்றி வாசலில் திரை விலகும் வரை

நேர்த்திக்கடன் அக்கா வைத்தது. நான் வெறும் வண்டியோட்டி.

அவளுடைய மூத்தவன் இரண்டு வருடங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு அவன் கையாலேயே மாலை சாத்தி அருச்சனை செய்விப்பதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழும்பிவிட்டான். நேர்த்திதான் கிடப்பில் கிடந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறவனுக்குக் கோயிலென்றால் சலிப்பு. "சேலைன் ஏற்றியவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். நன்றியை மட்டும் ஏன் வாவிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும்?" என்றான்.

"செய்தால் உனக்கு என்ன குறைந்துபோகும்? செய்யாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால்?" என்றாள் அக்கா.

நான் உயர்தர வகுப்புக்கு 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' படிப்பித்து ஓய்வு பெற்றவன். எனக்குச் சிரிப்பு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கால் என்ற பிரெஞ்சுக் கணித மேதை போட்ட பந்தயம் இதுவேதான். கடவுள் இருந்து நம்பினால் இலாபம் அளவற்றது, இல்லாமல் நம்பினால் நட்டம் அற்பம், ஆகவே நம்புவதன் பக்கமே பணத்தைக் கட்டு. அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள். பாஸ்காலின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டாள்.

ஆடி முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை. மோட்டார் சைக்கிளில் நானும் மருமகனும் புறப்பட்டோம். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்ச மரங்களைக் கடக்கும்போது, என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்த இஸ்லாம் பாட ஆசிரியரின் நினைவு வந்தது. இடைவேளைத் தேத்தண்ணீரோடு அவர் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியை எடுப்பார். தொடக்கம் உள்ள எதற்கும் ஒரு காரணம் உண்டு. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே உலகத்துக்கும் காரணம் உண்டு. மூன்றே அடி. கஸ்ஸாலி 1111இல் இறந்தவர். அந்த மூன்று அடி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான் பதிலுக்குச் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரை எடுப்பேன். மணி அடித்துவிடும்.

ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பக்கம் திரும்பினோம். 2014இல் பாலம் திறக்கும்வரை இங்கே 'பாதை'தான். மட்டக்களப்புக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்களுக்குப் பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. வீதி முடிகிற இடத்தில் பாதை தொடங்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர் முழிப்பார்கள். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போக ஒரு காலத்தில் அதற்காகக் காத்துக் கிடந்தோம். இன்று ஒரு மூச்சில் கடக்கலாம்.

பாலத்தின் நடுவில் மருமகன் என் தோளைத் தட்டினான். "மாமா, அங்கே பாருங்கள், புகை. புகை இருப்பதால் நெருப்பு இருக்கிறது. உங்களுடைய பாடம்!"

வயல் பக்கமாக ஒரு வெண்பழுப்பு மூட்டம் எழுந்து கிடந்தது. மலையில் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது இந்தியத் தருக்கத்தின் அரிச்சுவடி. சைவ சித்தாந்தமும் காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கும். கடவுள் கண்ணுக்குத் தெரியாதவர் என்பதால் கருதலின் தோளில் பாரம் அதிகம். கிட்டப் போய்ப் பார்த்தால் அது புகையே இல்லை. வேளாண்மை வெட்டும் இயந்திரம் ஒன்று சிறுபோக வயலில் கிளப்பிய தூசு. மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குள் ஓர் ஆசிரியத் திருப்தி. அனுமானம் பிழைக்கவில்லை, புகையென்று கண்டதுதான் பிழை. கடவுளுக்கான வாதங்களும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே சறுக்குகின்றன.

கோயிலுக்குச் சற்று முன், வீதியோரம் ஒரு புற்று. இடுப்பளவு உயரம். அடியில் மஞ்சள் பூசி, யாரோ ஒரு செவ்வரத்தம்பூவையும் செருகியிருந்தார்கள். வண்டியை நிறுத்தி அவனுக்குக் காட்டினேன்.

பானையைப் பார்க்கிறோம், குயவனைக் கருதுகிறோம். உலகமும் பானையைப்போல ஆக்கப்பட்ட பொருள், ஆகவே அதற்கும் அறிவுள்ள ஒரு கருத்தா உண்டு. இது நியாய தரிசனத்துக்காரரான நையாயிகர்களின் வாதம். சித்தாந்திகளும் இதையே எடுத்து, மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்து, மாயை, சக்தி, சிவன் என்று பொருத்துவார்கள். 7ஆம் நூற்றாண்டில் பௌத்தத் தருக்கர் தர்மகீர்த்தி இதற்கு ஒரு குத்து வைத்தார். மண்ணால் ஆனது என்பதற்காகப் பானையைக் குயவன் செய்தான் என்றால், புற்றும் மண்தானே, அதையும் குயவன்தான் செய்தானா?

மருமகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கறையான்! கறையானுக்குத் திட்டம் எதுவும் தெரியாது மாமா. ஆனால் உள்ளே காற்றுப் போகிற வழிகூட இருக்கிறது."

தர்மகீர்த்தி எதிருதாரணமாகக் காட்டிய அதே பொருளுக்கு எங்கள் ஊரில் மஞ்சள் பூசிப் பூ வைத்திருக்கிறார்கள். இதை வாதத்துக்குக் கிடைத்த பதில் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

மாலை வாங்கியதில் பிந்திவிட்டோம். சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனபோது மூலஸ்தானத்தில் திரை போட்டிருந்தது. அரை மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள். மருமகன் மணிக்கூட்டைப் பார்த்தான். மண்டபத்துக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து அவனுக்கு உதயணரின் கதையைச் சொன்னேன். கடவுள் உண்டென்று நிறுவ 'நியாயகுசுமாஞ்சலி' எழுதிய தருக்கர். பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குப் போனபோது கதவு மூடிக் கிடந்ததாம். கோபம் வந்து, "செருக்கில் என்னைப் பாராமல் இருக்கிறாய். பௌத்தர்கள் வாதுக்கு வரும்போது உன் இருப்பே என் கையில்தான் இருக்கிறது, நினைவு வைத்துக்கொள்" என்று சாமியிடமே சொன்னாராம். பரம்பரைக் கதைதான். ஆனாலும் இல்லாத ஒருவரோடு யாரும் இவ்வளவு உரிமையாகச் சண்டை பிடிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

"சரி, குயவனைச் செய்தது யார்?" என்று கேட்டான். எல்லா வகுப்பிலும் கடைசி வாங்கிலிருந்து வருகிற கேள்வி.

"எந்தக் கோயிலில் இருந்துகொண்டு கேட்கிறாய்?"

தான்தோன்றி. எவரும் செய்யாமல், எவரும் நாட்டாமல், தானாகத் தோன்றியவர். என் அம்மம்மா சொன்ன கதையில், திடகன் என்ற வேடன் காட்டில் கொக்கட்டி மரத்தைக் கோடரியால் வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் இரத்தம் பெருகுகிறது. பயந்துபோய்த் தன் துணியால் அந்த இடத்தைக் கட்டிவிட்டு ஓடுகிறான். பிறகுதான் இலிங்கம், கோயில், மண்முனையை ஆண்ட உலகநாச்சி எல்லாம். கிறித்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவினாசு 13ஆம் நூற்றாண்டில் ஐந்து வழிகள் வகுத்து, பிறிதொன்றால் அசைக்கப்படாத முதல் அசைப்பவரிடம் போய் நின்றார். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் சிவஞானபோதத்தை முடித்துவிட்டார். முதல் நூற்பாவே கடவுள் உண்மைக்கான வாதம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஒடுங்கியது மீண்டும் தோன்ற, ஒடுக்கியவன் வேண்டும். ஆகவே அந்தமே ஆதி. கஸ்ஸாலி தொடக்கத்தைப் பிடித்தார், மெய்கண்டார் முடிவைப் பிடித்தார். எங்கள் ஆசிரியர் அறை வழக்கு இந்த ஒரு புள்ளியில்தான்.

"அவன், அவள், அது மாறுகின்றன, சரி. முழு உலகமும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒவ்வொரு செங்கல்லும் சிறியது என்பதற்காகச் சுவர் சிறியதாகுமா? கடவுள் தான்தோன்றியாக இருக்கலாமென்றால் உலகமே தான்தோன்றியாக இருந்துவிட்டுப் போகட்டுமே."

அவனுக்கு முழுப் புள்ளிகள். 1948இல் பிபிசி வானொலியில் கொப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு வாதிட்ட மெய்யியலாளர் ரசலும் உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்ற இடத்திலேயே நின்றார். கடவுள் என்ற எண்ணத்திலிருந்தே கடவுளின் இருப்பைக் கறந்துவிடலாம் என்ற கிறித்தவ இறையியலாளர் அன்செல்மின் வாதத்தை நான் அவனிடம் எடுக்கவே இல்லை. பாங்குப் புத்தகத்தில் இல்லாத காசை எண்ணிப் பார்ப்பதுபோலத்தான் அது எனக்கு எப்போதும் படுகிறது. ஜெர்மன் மெய்யியலாளர் காண்டும் நூறு நாணய உதாரணத்தை வைத்து அதைத்தான் சொன்னார்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வரும்போது மகிழடித்தீவைக் கடந்தோமே, மாமா."

அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இந்தப் பகுதியில் போர்க்காலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்களை நினைக்காமல் அந்த வீதியில் யாரும் போவதில்லை. கடவுள் இருந்தால் இப்படி ஒரு கொடுமை ஏன் என்ற கேள்விக்குச் சித்தாந்தத்தில் இடம் இருக்கிறது. இறைவனாகிய பதியைப்போலவே உயிராகிய பசுவும் அதைக் கட்டும் பாசமும் அநாதி. இறைவன் அந்தக் கட்டாகிய மலத்தைப் படைத்தவன் அல்லன், நீக்குகிறவன். எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்த கடவுளுக்கு எதிராக எழும் கேள்வி இங்கே அதே வேகத்தோடு வந்து மோதாது. கரும்பலகையில் இதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அன்றைக்கு அவனிடமும் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒரு கிழவி தன் பேரப்பிள்ளைக்குக் கல் நந்தியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இவர்தான் மனே, பறங்கி வந்து கல்லு புல்லுத் தின்னுமா என்று கேட்டபோது, எழும்பிப் புல்லுத் தின்றவர்." பிள்ளை நந்தியின் வாயையே உற்றுப் பார்த்தது. பிறகு பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தது, கதையில் சாணமும் வரும் என்பதால். ஒன்றையும் காணாமல் திரும்பி வந்து, "மறுகா?" என்றது, பிறகு என்ன என்று. கிழவிக்கு அதற்குமேல் கதை இல்லை. கையிலிருந்த அறுகம்புல்லைப் பிள்ளையிடம் கொடுத்து, நந்தியின் முன்னால் வைக்கச் சொன்னாள். பிள்ளை வாயருகே, தின்னுவதற்கு வசதியான இடமாகப் பார்த்து வைத்தது.

மருமகன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வேடன் ஏன் மாமா துணியால் கட்டினான்? மரம் என்று தெரியும்தானே" என்றான்.

"இரத்தத்தைக் கண்டான்" என்றேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மணி அடித்தது, திரை விலகியது. தீபம் ஏறி இறங்கும்போது ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரைச் சொன்னவனுக்கு நட்சத்திரம் தெரியவில்லை. அங்கிருந்தே அக்காவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியதாயிற்று. பூரட்டாதி. மாலையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான். திருநீற்றை நெற்றியில் ஒரு கீற்று இழுத்துவிட்டு, மிச்சத்தை அருச்சனைச் சீட்டில் மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

"அம்மாவுக்கு" என்றான், நான் கேட்காமலே.

வெளியே கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு திரும்பினோம். வெயில் சாய்ந்துவிட்டது, மாடுகள் வீதியை மறித்து நடந்தன. வயல் பக்கம் மறுபடியும் ஒரு மூட்டம்.

"இந்தத் தடவை புகைதான் மாமா" என்றான் பின்னாலிருந்து.

"எப்படித் தெரியும்?"

"வைக்கோல் எரிகிற மணம் வருகிறதே."

எனக்கு இன்னும் மணம் வரவில்லை. ஒரு கன்று குறுக்கே ஓடியது, பிரேக்கைப் பிடித்தேன்.