வைவாவில் ரத்த வாந்தி கேஸ்: கோட்டை விட்டதும் பிடித்ததும்

"லிவர் சிரோசிஸ் பேஷன்ட். ராத்திரி ரெண்டு மணி. பேசின் நிறைய ரத்த வாந்தி. என்னப்பா செய்வே?"

எம்.டி. பொது மருத்துவம் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்கு விழுந்த கேள்வி. பேண்டிங், அதாவது எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு வீங்கிய ரத்தக்குழாயை ரப்பர் வளையத்தால் கட்டுவது, எனக்குத் தலைகீழ்ப் பாடம். "ஸ்கோப் போட்டு பேண்ட் கட்டுவேன் சார்" என்றேன். எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அதுவரைக்கும் அந்த ஆளு காத்துக்கிட்டு இருப்பானா?"

அந்த முறை ஃபெயில்.

அறை நண்பன் ஐ.டி.காரன். குரோம்பேட்டையில் ரயில் ஏறியதும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "அடுத்து?" என்று கேட்பது அவன் வேலை, சிகிச்சையின் அடுத்த படியைச் சொல்வது என் வேலை. மீனம்பாக்கம் வருவதற்குள் நரம்பில் ரெண்டு பெரிய கேனுலா (ஊசிக் குழாய்). நினைவு தப்பியிருந்தால் மூச்சுக்குழாயில் டியூப். ரத்தம் ஏற்றுவதில் கை தாராளம் கூடாது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ஏற்றலாம், 7-8 போதும். மேலே ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் (கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் அழுத்தம்) கூடி மறுபடி பீய்ச்சும். வேரிசஸ் (உணவுக்குழாய், இரைப்பையில் புடைத்த ரத்தக்குழாய்கள்) என்று சந்தேகம் வந்ததுமே அந்த அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரெசின் 2 மி.கி., 4 மணிக்கொரு தரம். இதய நோய் இருந்தால் அதற்குப் பதில் ஆக்ட்ரியோடைடு. பலர் மறப்பது செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், தினம் 1 கிராம். தொற்று வந்தால் மறுபடி ரத்தம் கசியும், உயிருக்கும் ஆபத்து. "ஐ.என்.ஆர். 2 இருக்கே, எஃப்.எஃப்.பி. போடலாமா?" என்பது தூண்டில். ஐ.என்.ஆர். ரத்தம் உறையும் அளவு, எஃப்.எஃப்.பி. உறைய வைத்த பிளாஸ்மா. ஐ.என்.ஆரைச் சரிசெய்ய மட்டும் அதைப் போடக் கூடாது என்பதே பவேனோ 7 என்ற சர்வதேச நிபுணர் வழிகாட்டுதலின் நிலைப்பாடு.

கிண்டியில் ஸ்கோப் அறைக்குள் இருக்க வேண்டும். கணக்கு, பேஷன்ட் வந்து 12 மணி நேரத்துக்குள். அதற்கு அரை மணி முன்னாலாவது இரைப்பையைக் காலியாக்க எரித்ரோமைசின் 250 மி.கி., ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி பார்த்துவிட்டு. பேண்டிங்கை உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் தொடங்கி, சுழல் போல மேலே போக வேண்டும். எனக்கு இதைப் புரியவைத்தவர் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன் அண்ணன்: "திரை முழுக்கச் சிவக்கிற வரைக்கும் உறிஞ்சணும் டாக்டர். பாதியில விட்டா பேண்ட் நழுவிடும்." வைவாவில் இந்த ஒரு வரி, ஸ்கோப்பைக் கிட்ட நின்று பார்த்தவன் என்று காட்டிவிடும்.

இரைப்பை வேரிசஸ் என்றால் அவை இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கும் சரின் வகைப்பாட்டைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஜி.ஓ.வி. 2 (உணவுக்குழாயிலிருந்து இரைப்பையின் மேல்பகுதிக்கு நீள்பவை), ஐ.ஜி.வி. 1 (அந்த மேல்பகுதியில் மட்டும் இருப்பவை) இரண்டுக்கும் சயனோஅக்ரிலேட் பசையை ஊசியால் ஏற்ற வேண்டும். ரத்தத்தில் பட்ட நொடியில் இறுகும். ஊசியைச் சட்டென்று உருவாவிட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

கோடம்பாக்கத்தில் சைல்டு-பியூ ஸ்கோர், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கான மதிப்பெண். வாய்விட்டுக் கூட்டுங்கள். சி 10-13, அல்லது பி 7-க்கு மேல் இருந்து ஸ்கோப்பில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால், 72 மணிக்குள் டிப்ஸ் (கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து ரத்தத்துக்கு மாற்று வழி போடுவது). எதற்கும் நிற்காவிட்டால் ரத்தக்குழாயை அழுத்திப் பிடிக்கும் பலூன் டியூப், 24 மணிக்கு மேல் வேண்டாம்.

எழும்பூரில் டிஸ்சார்ஜ்: பி.பி. இடம் கொடுத்தால் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை, வேரிசஸ் மறையும் வரை 2-4 வாரத்துக்கொரு பேண்டிங், குடியை நிறுத்த ஆலோசனை.

இரண்டாம் முறை வேறொரு எக்ஸாமினர். நான் மாம்பலம் தாண்டுவதற்குள் "போதும்" என்று அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.