நாகவல்லி பேசிய தமிழ்

தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி மழை. பத்மநாபபுரம் அரண்மனைக்கு அங்கிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம்தான். நான், நாகர்கோவில் நண்பன், அவனுடைய அம்மா என்று மூன்று பேர்.

நண்பனுக்கும் எனக்கும் பேய்ப்படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பத்து வருடமாக, ஒரு படம் பார்த்து முடித்த உடனே ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுச் சண்டை போடுவது வழக்கம். அந்த 2024 எங்களுக்குப் பொற்காலம். பிப்ரவரியில் 'பிரமயுகம்'. ஆகஸ்டில் 'டிமான்ட்டி காலனி'யின் இரண்டாம் பாகம். அதே மாதம் 'மணிச்சித்ரத்தாழ்' 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. செப்டம்பரில் 'தும்பாட்' மறுவெளியீடு. இத்தனையும் பார்த்த பிறகு அவன் சொன்னான், "மக்கா, போன்ல பேசுனது போதும். அந்த வீட்டையே போய்ப் பாத்திருவோம்."

அந்த வீடு என்றால் மாடம்பள்ளி. 1993-இல் பாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்ரத்தாழி'ல் வரும் அந்தப் பூட்டிய வீட்டின் காட்சிகளைப் பத்மநாபபுரத்திலும், கொச்சி பக்கத்துத் திருப்பூணித்துறை ஹில் பாலஸிலும் எடுத்தார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மறுபடி வந்ததைத் தியேட்டரில் பார்த்திருந்த அம்மா, "நானும் வாறேன்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் முதலில் கால்தான் அந்த இடத்தைத் தெரிந்துகொள்கிறது. கரிய தரை, முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பு, மழை நாளில் சில்லென்று ஏறும் குளிர். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தளம் என்று உள்ளே நின்ற ஊழியர் சொன்னார். வாசல்கள் எல்லாம் தாழ்வு, குனியாமல் எதற்குள்ளும் போக முடியாது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா. மழை மேகத்தின் வெளிச்சம் அதில் வடிகட்டித்தான் உள்ளே வருகிறது. ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்குப் போகும் வழியில் சட்டென்று இருட்டு, மறுபடி வெளிச்சம், மறுபடி இருட்டு. ஒளிப்பதிவாளர் பாதி வேலையைத்தான் செய்திருக்க வேண்டும், மீதியை அந்த மரச்சட்டங்கள் 1750 வாக்கிலேயே செய்துவிட்டன.

நவராத்திரி மண்டபத்தில்தான் ரொம்ப நேரம் நின்றோம். கல் தூண்கள், நாட்டியத்துக்கென்றே கட்டிய இடம். அரண்மனைப் பெண்கள் மறைவிலிருந்து துளை வழியாக ஆட்டம் பார்ப்பார்களாம். தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நடனக்காரியைக் கூட்டிவந்து பூட்டி வைத்த அந்தப் படத்தின் கதையை இந்த மாதிரி ஒரு மண்டபத்தில் நின்று நினைத்துப் பாருங்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

இங்கேதான் எங்கள் பழைய சண்டை கிளம்பியது. என் கட்சி எப்போதும் இதுதான்: நாகவல்லி தமிழ் பேசுவதால்தான் அந்தப் படம் பயமுறுத்துகிறது. கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் காட்சியில், தன்னை நாகவல்லியாகவே நினைத்துக்கொள்ளும் நாயகி கங்கா மலையாளத்திலிருந்து தமிழுக்குத் தாவுகிற நொடியில்தான் மலையாள ரசிகருக்கு உடம்பு சில்லிட்டிருக்கும். கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு அந்தப் படத்தில் இரண்டு குரல்: கங்காவுக்குப் பாக்யலட்சுமி, நாகவல்லிக்குத் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா. ஒரே உடலில் இரண்டு மொழி, இரண்டு குரல். நாகவல்லி ஆடும் பாட்டின் தமிழ் வரிகளையும் வாலிதான் எழுதினார். தமிழுக்கு வந்து 2005-இல் 'சந்திரமுகி' ஆனபோது அதே பெண் ஆந்திரத்திலிருந்து வந்து தெலுங்கு பேசினாள். இந்தியில் வங்காளத்து மஞ்சுலிகா. எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பேய் பக்கத்து வீட்டு மொழியில்தான் பேசுகிறது. தன் வீட்டுப் பெண் தெரியாத மொழியில் பேசத் தொடங்கினால் வரும் பயம் அது.

நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. பயம் மொழியில் இல்லை, அந்தப் பூட்டில்தான் என்பது அவன் கட்சி.

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்த அம்மா திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தப் படம் வந்த புதுசுல நான் பாத்தேன்லா. அவ தமிழ் பேசுனது எனக்கு வித்தியாசமாவே தெரியல. எங்களுக்கு ரெண்டும் வீட்டுப் பாஷதான. எங்க அம்மா மலையாளத்துல திட்டுவா, தமிழ்ல கொஞ்சுவா."

பத்து வருடச் சண்டையில் எனக்கு ஒரு முறைகூட இது தோன்றவில்லை. நாங்கள் நின்ற இடமே அப்படிப்பட்டதுதானே. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மண் தமிழ்நாட்டுடையது, அரண்மனையைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. மாடம்பள்ளியின் ஒரு பாதி, இரண்டு மொழியும் வீட்டு மொழியாக இருக்கிற ஊரில் நிற்கிறது.

"அப்போ உங்களுக்குப் பயமே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயம் இருந்துது மக்ளே. அந்த கங்கா கல்யாணம் ஆயி வந்த வீட்டுல நாள் முழுக்க தனியா இருக்காள்லா... அதத்தான் எனக்குப் பாக்க முடியல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் கொச்சி. மெட்ரோ இப்போது திருப்பூணித்துறை வரை போகிறது, அங்கிருந்து ஹில் பாலஸ் பக்கம்தான். கொச்சி அரச குடும்பம் 1865-இல் கட்டத் தொடங்கியது, இப்போது அருங்காட்சியகம். உண்மையைச் சொன்னால், பத்மநாபபுரம் கொடுத்த சிலிர்ப்பு இங்கே வரவில்லை. படி ஏறிப் போகும் அந்த முகப்பு மட்டும் படத்தில் பார்த்ததுபோலவே நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், மான் பூங்கா. பகல் வெளிச்சத்தில் நல்ல அரண்மனை, அவ்வளவுதான்.

ஆனால் அங்கே எங்களோடு சேர்ந்துகொண்ட கொச்சி நண்பர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அவர் ஒற்றப்பாலம் பக்கத்து வரிக்காசேரி மனை என்ற பழைய நம்பூதிரி வீட்டுக்குப் போய் வந்தவர். 'பிரமயுகம்' எடுத்த இடம். "அதே மனையில்தான் 1993-ல 'தேவாசுரம்' எடுத்தாங்க, அதே திண்ணை" என்றார். அப்போது அது படத்தில் மோகன்லாலின் மங்கலசேரி வீடு. முப்பது வருடம் கழித்து இயக்குநர் ராகுல் சதாசிவன் நிறத்தை உருவி எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கி, மம்மூட்டியைக் கொடுமோன் போற்றியாக உட்காரவைத்ததும் அது வேறு இடமாகிவிட்டது. வழி தப்பி வந்த பாணன் வெளியே போக முடியாத வீடு. இதே இயக்குநரின் 'பூதகால'த்தில் (2022) வருவதோ சாதாரண நடுத்தர வீடு, ஒரு தாய், ஒரு மகன். படத்தின் பெரும்பகுதியில் பேயையே காட்ட மாட்டார்கள். அதைப் பார்த்த இரவு நான் விளக்கை அணைக்கவில்லை. 'தும்பா'டின் ஓயாத மழையும் சிதிலமான வாடாவும் (மராட்டியப் பெரிய வீடு) எனக்கு உயிர்தான், ஆனாலும் 'பூதகால'த்தின் தாய் ரேவதி அந்தச் சமையலறையில் நிற்பது இன்னும் அருகில் வருகிறது. 'டிமான்ட்டி காலனி'யில் எனக்கு 2015-இல் வந்த முதல் பாகம்தான், நான்கு பேரும் ஓர் அறையும். இரண்டாம் பாகம் பெரிதானபோது பயம் சிறுத்துவிட்டது.

"பாத்தியா? எல்லாம் பூட்டுன வீடுதான்" என்றான் நாகர்கோவில் நண்பன். இந்த முறை நான் மறுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் கோட்டயம் தாண்டியதும் அம்மா 'பிரமயுகம்' பார்க்க வேண்டும் என்றார். நண்பன் போனில் தமிழ் டப்பிங்கைத் தேடினான். "மலையாளத்துலயே போடு" என்று சொல்லிவிட்டார். மூவரும் தலையை ஒட்டவைத்துப் பார்த்தோம். எனக்குப் புரியாத இடங்களை அவர் மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பழைய மலையாளம், சில சொற்களுக்கு யோசித்தார். கொல்லத்தை நெருங்கும்போது போற்றி சிரிக்கும் காட்சி ஒன்று வந்தது. அதன் பிறகு அம்மா எதையும் தமிழில் சொல்லவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.